முத்தகமும் குளகமும்: தொலைக்காட்சித் தொடர்களின் கதையமைப்பு குறித்து

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனித்து நின்று முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஒரு வினைகொண்டு முடிவது குளகம். பொருளாலோ சொல்லாலோ தொடர்வது தொடர்நிலை. அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களில் இன்று மிகுந்துவிட்ட ஒரு வழக்கத்தை மதிப்பிட இப்பகுப்பு துணைபுரிகிறது. ஒரு பருவத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே கதைக்கு உட்படுத்துவதே அவ்வழக்கம்.

'ஸ்டார் டிரெக்' வரிசை இதற்குத் தக்க சான்று. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் தொடரின் 79 பகுதிகளும் பெரும்பாலும் முத்தகங்களே. மறுஒளிபரப்பில் எவ்வரிசையில் காட்டினும் பொருள் கெடாத அமைப்பு அன்றைய நிலையங்களுக்கு ஏற்றதாயிருந்தது. 1993-99இல் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' நெடிய போர்க்கதையை மேற்கொண்டபோதும் பல பகுதிகளைத் தம்மளவில் முடிவுபெறச் செய்தது. அது தொடர்நிலை எனத்தகும். இணையவழியில் வரிசைப்படி காணும் வசதி பெருகிய பின், 2017இல் தொடங்கிய 'டிஸ்கவரி' பருவத்தையே குளகமாக்கிற்று.

குளகம் தன்னளவில் குறையுடையதன்று. தமிழ்த் தொடரில் வினையெச்சங்கள் அடுக்கி வரினும் ஒவ்வோர் எச்சமும் ஒரு செயலைச் சொல்கிறது. கேட்போர் முற்றுக்காகக் காத்திருப்பதில் இழப்பில்லை. எச்சம் செயலுணர்த்தாது முற்றைத் தள்ளிவைக்க மட்டுமே பயன்படுமாயின் தொடர் நலிகிறது. 'டிஸ்கவரி'யின் மூன்றாம் பருவத்தில் (2020-21) விண்கலங்களை ஒருங்கே அழித்த பேரழிவின் காரணம் 13 பகுதிகளின் இறுதியை ஒட்டியே வெளிப்படுகிறது. தாயை இழந்த ஒரு சிறுவனின் துயரே அக்காரணம். ஒரு பகுதிக்குள் சொல்லப்பட்டிருப்பின் நெஞ்சை உருக்கியிருக்கக்கூடிய அவ்விடை, நெடுங்காலம் வளர்க்கப்பட்ட எதிர்பார்ப்பின் சுமையைத் தாங்கவில்லை.

இவ்வமைப்பு மொழிபெயர்ப்பாளருக்கும் இடர் விளைவிக்கிறது. இரண்டாம் பருவத்தின் (2019) மையமான 'ரெட் ஏஞ்சல்' யாரென்பது பத்தாம் பகுதியின் முடிவுவரை மறைக்கப்படுகிறது. பின்னரே தலைவியின் தாய் எனத் தெரிகிறது. ஆங்கிலப் பெயர் பாலை உணர்த்துவதில்லை. தமிழில் 'தேவதூதன்' எனின் ஆண்பாலாகிப் பிழைபடும். 'தேவதை' எனின் வழக்கு நோக்கிப் பெண்ணென்ற குறிப்புத் தோன்றி மறைபொருள் முன்னரே வெளிப்படும். 'வந்தான்', 'வந்தாள்' என வினைமுற்றும் பால்காட்டும். 'வந்தார்' என்னும் உயர்வுப்பன்மையோ 'அவ்வுருவம்' என்னும் அஃறிணைப் பெயரோ ஓரளவு உதவலாம். ஆயினும் அச்சமும் ஐயமும் கலந்த பேச்சில் 'வந்தார்' பொருந்துவது அரிது. பேசுவது மனிதரே எனத் துணிந்த பின் அஃறிணையும் நில்லாது. முழுப் பருவமும் கைக்கு வருமுன் ஒவ்வொரு பகுதியாகப் பெயர்ப்பவர், முற்று அறியாமல் எச்சத்தைப் பெயர்ப்பவராகிறார். முத்தகத்தில் இவ்விடர் எழினும் அப்பகுதிக்குள்ளேயே தீர்வும் கிட்டும்.

2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' பெரும்பாலும் பகுதிதோறும் கதைமுடிக்கும் முறைக்குத் திரும்பியது. மாந்தரின் மனமாற்றங்கள் மட்டும் பகுதிகளைக் கடந்து தொடர்கின்றன. கதையின் நீளத்தை அதன் பொருளே வரையறுக்க வேண்டும் என்பதையே இம்மாற்றம் உணர்த்துகிறது. குளகத்துக்குரிய பொருள் வாய்க்காதபோது முத்தகமே தகும்.