மீன்வழியும் சட்டச் சொல்லும்

சட்டம் ஒரு நூல். தீர்ப்பு அதற்கு உரை. ஒரு சொல்லுக்கு நீதிபதிகள் காணும் பொருள் ஓர் ஆற்றின் நிலையையே மாற்றிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஆறுகள் யாவும் 2015க்குள் ‘நன்னிலை’ எய்தவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நீரின் தூய்மையோடு நில்லாது, மீனினத்தின் நிலையையும் ஆற்றின் தடையற்ற ஓட்டத்தையும் அது அளவுகோலாகக் கொண்டது. தாம் பிறந்த நீரோடையை நாடிக் கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன்களுக்கு, குறுக்கே அணை நிற்குமாயின், தூய நீரால் மட்டும் பயன் என்ன? இதனை உணர்ந்து செய்தமையே அந்நூலின் சிறப்பு.

குறையும் அந்நூலுள்ளேயே உளது. கால நீட்டிப்புக்கு அது இடந்தருகிறது. 2015 தவறினால் 2021. அதுவும் தவறினால் 2027. விலக்குப் பெருகின், விலக்கே விதியாகிவிடும்.

இந்நிலையில் 2015 சூலை முதல் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நல்லதோர் உரையாக அமைந்தது. ஜெர்மனியின் வேசர் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்காக ஆழப்படுத்த முனைந்தபோது எழுந்த வழக்கு அது. நீர்நிலை ‘சீர்குலைதல்’ ஆகாது என்ற தொடர் வெறும் நோக்கமா, கட்டாய விதியா என்பதே வினா. கட்டாயமே என்றது மன்றம். ஆற்றின் மொத்தத் தரம் குறையாவிடினும், மீனினம் முதலிய கூறுகளுள் ஒன்று ஒரு படி இறங்கினும் அது சீர்குலைவே என்றும், முறையான விலக்கு இல்லாவிடின் அத்தகைய திட்டத்துக்கு இசைவு மறுக்கப்படவேண்டும் என்றும் பொருள் கண்டது.

ஆயினும், சீர்குலைவைத் தடுப்பது வேறு. குலைந்ததைச் சீராக்குவது வேறு. ரைன் ஆற்றில் 1950களில் சால்மன் அற்றுப்போயிற்று. 1986இல் பாசல் நகருக்கருகே இரசாயனக் கிடங்கு தீப்பற்றி, நஞ்சு ஆற்றிற் கலந்தபின், மறு ஆண்டே கரைநாடுகள் மீட்புத் திட்டம் வகுத்தன. இஃபெட்ஸ்ஹைம் அணையில் 2000இலும், காம்ப்ஸ்ஹைமில் 2006இலும், ஸ்ட்ராஸ்பர்க்கில் 2016இலும், கெர்ஸ்ட்ஹைமில் 2019இலும் மீன்வழிகள் திறக்கப்பட்டன. எனினும், 2020க்குள் சால்மன் பாசல்வரை செல்லும் என்ற இலக்கு நிறைவேறவில்லை. மேலே ஓர் அணை அடைத்து நிற்பினும், கீழுள்ள வழிகளின் பயன் அங்கேயே முடிந்துவிடும் அன்றோ?

ஆதலின், ஆறு முழுமைக்கும் ஒரு நாள் குறித்துப் பின் அதனை நீட்டுவதினும், அணைதோறும் நாள் குறித்து, வழி அமைக்கவேண்டியவர் இன்னார் என வரையறுப்பதே செயற்படும் சட்டமாகும். முட்டையிடும் பருவத்து மீன், அடுத்த ஆணை வரும்வரை அணையின்கீழ்க் காத்திருப்பதில்லை.