மரக்காணம் உப்பளமும் 39.4 என்கிற எண்ணும்

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் அது 39.4. இதே காலத்தில் அரசின் பங்கு 28.6-இலிருந்து 48 ஆகிவிட்டது. தேசிய சுகாதாரக் கணக்கறிக்கை சொல்கிற எண்கள் இவை. மத்திய அரசு இவற்றைச் சாதனையாக முன்வைக்கிறது. எனக்கு இதில் பாதிதான் ஒப்புதல்.

மீதிப் பாதியைப் புரிஞ்சுக்க மரக்காணம் நல்ல இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே, கழுவெளியை ஒட்டிக் கிடக்கும் உப்பளங்கள். வெயில் ஏறினால்தான் உப்பு விளையும். வேலை செய்பவரின் உடம்புக்கு அதே வெயில்தான் எதிரி. உப்புத் தண்ணியில நின்னு நின்னு கால் வெடிக்கும், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கும். ஒதுங்க இடமில்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரிடம் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

இவர்கள் 39.4-க்குள் எப்படி வருகிறார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் காலை ஓ.பி. நடக்கிற நேரமும் உப்பளத்தில் வேலை நடக்கிற நேரமும் ஒண்ணுதான். போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலி இழப்பு எந்தச் சுகாதாரக் கணக்கிலும் 'செலவு' கிடையாது. போகாமல் வலியோடு வேலை செய்தால்? செலவு பூஜ்யம். வைத்தியமே பார்த்துக்கொள்ளாதவரும் இந்தச் சதவீதம் குறைய உதவுகிறார்! அடிப்படைத் தரவிலும் ஒரு சிக்கல் உண்டு: மக்கள் செலவை மதிப்பிட அடித்தளமாக இருப்பது 2017-18-இல் எடுத்த 75-ஆவது சுற்று மாதிரிக் கணக்கெடுப்பு. அதை வைத்துத்தான் கோவிட் ஆண்டுகளுக்கும் நீட்டிக் கணக்கிட்டார்கள்.

இனி அரசியல். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுச் செலவு ஜி.டி.பி.யில் 2.5 சதவீதம் ஆகும் என்றது. தடுப்பூசிச் செலவெல்லாம் சேர்ந்த 2021-22-லேயே எட்டியது 1.84. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கணும் என்றும் அதே கொள்கை சொன்னது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, சரி. ஆனால் அடுத்த வருஷமே 3 சதவீதக் கல்வி செஸ், 4 சதவீத சுகாதார-கல்வி செஸ் ஆனது. செஸ் பணம் மாநிலங்களோடு பகிரும் வரித் தொகுப்பில் சேராது. வேலை மாநிலத்துக்கு, வசூல் டெல்லிக்கு. தேசிய சுகாதார இயக்கம் வழியாகப் பணம் வருதே என்று கேட்கலாம். வருகிறது, நிபந்தனையோடு; மாநிலமும் 40 சதவீதம் போட வேண்டும்.

தமிழ்நாட்டு அரசையும் சும்மா விட முடியாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வயிற்று டயாலிசிஸ் பைகளும் வருகின்றன. உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் அது நோய் வந்த பிறகு வருவது. 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் அப்படித்தான், படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். உப்பளத்தில் ஒரு நிழற்கூரை, குடிதண்ணி, பெண்களுக்குக் கழிப்பறை: இதைச் செய்தால் எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது? சுகாதாரத் துறைக்கு அது தொழிலாளர் துறை விஷயம். தொழிலாளர் துறைக்கு அது உப்பள முதலாளியின் பொறுப்பு.