குருதியும் வாய்க்காலும்

தேம்பாவணியின் நாட்டுப்படலத்தைத் திறந்தால் யூதேயா நாட்டில் காவிரி பாய்வதுபோல் தோன்றும். மேகம் கடல்நீரை முகந்து மலைமேல் பொழிய, வெள்ளம் இறங்கி வயல்களை நனைக்க, நெல் விளைகிறது. வறண்ட யூதேயாவுக்கு இத்தனை நீர்வளமா என்று கேட்பவர் உண்டு. நிலநூலாகப் படித்தால் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் காப்பியம் நிலநூலன்று. தஞ்சைத் தரணியில் பிறந்தவர் இப்படலத்தைப் படிக்கும்போது, மீட்பின் வரலாறு தம் ஊர் மதகுக்கருகே தொடங்குவதாக உணர்கிறார். முனிவர் வேண்டியதும் அதுவே என்பது நம் கருத்து.

கொள்ளிடத்தின் வடகரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1726-இல் 3615 பாடல்களில் இதனைப் பாடி முடித்தார். அவர் இத்தாலியர். எனினும் காப்பியத்தின் முதன்மையான மூலமாக அறிஞர் காட்டுவது ஒரு ஸ்பானிய நூலை. ஆகிரெதா நகரில் வாழ்ந்த துறவி மரியா எழுதி, அவர் மறைந்தபின் 1670-இல் அச்சேறிய 'கடவுளின் மறைபொருள் நகரம்' என்பதே அது. அந்நூலின் தலைவி அன்னை மரியா. முனிவரோ தச்சராகிய சூசையப்பரைத் தலைவராக்கி, வளன் எனப் பெயரிட்டார். பெருகுதலைக் குறிக்கும் எபிரேயப் பெயர் நெல் விளையும் நாட்டின் சொல்லாயிற்று. இதனை மொழிபெயர்ப்பு என்பதைவிட, நாற்றைப் பறித்து வேறு வயலில் நட்டது என்பதே பொருந்தும்.

நாற்றங்கால் எத்தகையது என்று பார்ப்போம். ஸ்பானியர் யார் என்ற கேள்வி அந்நாட்டு அறிஞரையே பிரித்து வைத்தது. 711-இல் இஸ்லாமியர் ஐபீரிய மண்ணில் கால் வைத்தது முதல் 1492-இல் கிரனாதா வீழும் வரை கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர் மூவரும் கலந்து வாழ்ந்ததிலேதான் ஸ்பானியர் என்னும் மக்கள் உருவானார்கள் என்றார் அமேரிக்கோ காஸ்த்ரோ, 1948-இல். சான்சேஸ் அல்போர்னோஸ் அதனை மறுத்து, உரோமையரும் விசிகோத்தியரும் இட்ட அடித்தளமே நிலையானது என்று வாதிட்டார். வழக்கைத் தீர்க்கும் தகுதி நமக்கில்லை. ஆயினும் வாய்க்கால் ஒரு சாட்சி சொல்கிறது. ஸ்பெயினில் நெல்லைப் பரப்பியவர்கள் இஸ்லாமியர். நெல்லுக்கும் பாசன வாய்க்காலுக்கும் ஸ்பானியர் இன்று வழங்கும் சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. வலென்சியாவில் நீர்ப்பங்கீட்டு வழக்குகளை உழவர்களே தீர்க்கும் மன்றம், பேராலயத்தின் திருத்தூதர் வாயிலில் வியாழன்தோறும் கூடுகிறது. முறைநீருக்காகக் காத்திருந்த நம் உழவர்க்கு அக்காட்சி அந்நியமாய் இராது.

அத்தகைய நாடுதான் குருதியில் தூய்மை தேடியது. யூத மரபிலிருந்து கிறிஸ்தவரானவர்க்கு 1449-இல் தொலேதோ நகரம் பதவிகளை மறுத்தது. திருமுழுக்குப் பெற்றிருந்தும் அவர்கள் 'புதிய கிறிஸ்தவர்' என்றே எண்ணப்பட்டார்கள். 1492-இல் யூதர் வெளியேற்றப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, திருமுழுக்குப் பெற்றிருந்த இஸ்லாமிய வழியினர் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டனர். வாய்க்கால் இருந்தது, அதனை வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இல்லை. இயேசு சபையும் 1593-இல் யூத மரபினருக்குக் கதவடைத்தது. அத்தடை முற்றும் நீங்கியது 1946-இல்தான்.

அவிலா நகர்ப் புனித தெரேசாவின் பாட்டனாரும் யூத மரபிலிருந்து வந்தவரே. 1485-இல் தொலேதோவில் விசாரணை மன்றத்தின்முன் நின்று ஒறுத்தலுக்கு உள்ளானவர். இவ்வுண்மையை ஆவணங்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்படுத்தின. தாம் சீர்திருத்திய முதல் மடத்திற்கு 1562-இல் சூசையப்பர் பெயரைச் சூட்டி, அவர்மீது பக்தி பெருகச் செய்தவர் இதே தெரேசா. 1970-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. தூய்மை தேடியவர்களின் கணக்கில் அவர் குருதி மாசுடையது. அப்பக்தி வளர்ந்த திருச்சபையிலிருந்துதான் வளனும் நம் கொள்ளிடக் கரைக்கு வந்து சேர்ந்தார்.

இதனை நாம் தொலைநாட்டுக் கதையாகப் படித்துவிட முடியாது. சாதியைக் குறிக்க உலகம் வழங்கும் 'காஸ்ட்' என்னும் சொல் 'காஸ்தா' என்ற ஐபீரியச் சொல்லின் வழிவந்தது. போர்த்துகீசியர் நம்மிடையே கண்ட பிரிவினைக்கு அச்சொல்லை இட்டனர். சொல் அவர்களுடையது, பொருளை நாம் கொடுத்தோம். முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று இருந்தது. நவம்பர் 2 அன்று நாம் இருபுறமும் சென்று மந்திரித்தோம். ஒரே தீர்த்தச் செம்பு, ஒரே செபம். சுவரைப் பற்றி மறையுரையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த மார்ச் 19 அன்று அதே மக்கள்முன் தேம்பாவணியின் பெருமையை அரைமணி நேரம் பேசினோம். அன்று எவரும் நம்மைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தேம்பாவணியை 'நம் காப்பியம்' என்று கொண்டாடுகிறோம். இத்தாலியர் ஒருவர், ஸ்பானியப் பெண் எழுதியதைக் கொண்டு, யூதத் தச்சர் ஒருவரைத் தமிழில் பாடினார். இந்நால்வகைப் பிறப்பில் எதைத் தள்ளினாலும் காப்பியம் இல்லை. அதனைப் போற்றும் வாயால் பிறப்பைக் கொண்டு கல்லறையைப் பங்கிடுவது, காப்பியத்தைப் படிக்காமல் இருப்பதிலும் கேடானது. வரும் நவம்பர் 2 அன்று மெழுகுதிரி ஏந்திச் செல்லும் வாசகர்கள், தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அத்தகைய சுவர் உண்டா என்று பார்க்க வேண்டுகிறோம். இருந்தால், பங்குத்தந்தையைக் கேளுங்கள். நம்மைப் போன்றோருக்கு அக்கேள்வி தேவைப்படுகிறது.