பாடற்குழுவும் சுர எழுத்தும்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நம் ஆலயங்களில் நடைபெறும் பாட்டுப் பயிற்சியை நாம் அனைவரும் அறிவோம். கீபோர்டு வாசிப்பவர் ஆல்ட்டோவின் வரியைத் தனியே ஒரு விரலால் தட்டுகிறார். பெண்கள் அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு மனப்பாடம் செய்கின்றனர். பின்பு டெனர், பின்பு பாஸ். பல வாரங்கள் உழைத்தபின் ஒரு பாட்டு நான்கு பாகங்களில் ஒருவாறு நிற்கிறது. ஜனவரி முடிவதற்குள் அது கரைந்துபோகிறது. வாசிப்பவர் மாற்றலாகிப் போய்விட்டாலோ, அடுத்த ஆண்டு தொடங்குவதற்கே ஆளில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இக்குறை இன்னும் தெளிவாகத் தெரியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கிருப்பதால் பணி நிமித்தம் வந்து போகும் குடும்பங்கள் உண்டு. டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் ஞானப்பாட்டில் வளர்ந்தவரும், திருநெல்வேலிப் பாமாலையில் வளர்ந்தவரும் அருகருகே நின்று பாட நேர்கிறது. இராகம் ஒன்றாயிருப்பினும் ஒருவருடைய செவிப்பழக்கம் மற்றவருக்கு உதவுவதில்லை. இருவருக்கும் பொதுவான எழுத்தொன்று தேவை.

அவ்வெழுத்து நமக்குப் புதிதன்று. 1841இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், எளியோருக்குப் பாட்டுக் கற்பிக்க வழி காணுமாறு ஜான் கர்வென் என்னும் இளம் போதகரைக் கேட்டனர். நார்விச் நகரத்து சாரா குளோவர் அம்மையார் வகுத்திருந்த முறையை அவர் எடுத்துத் திருத்தியதே டோனிக் சோல்ஃபா. ஐந்து கோடுகள் இல்லை. டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகளும், தாளத்திற்குப் புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே. மிஷனெரிகள் இதனை ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் கொண்டுசென்றனர். வேல்ஸ் மிஷனெரிகள் வழியாக மிசோரமுக்கும் அது வந்தது. அங்கு மலைக்கிராமத்தாரும் சோல்ஃபா பார்த்து நான்கு பாகங்களில் பாடுவர். நாமோ கையிலிருந்ததை நழுவவிட்டோம்.

இம்முறையில் டோ என்பது ஒரே இடத்தில் நிற்பதன்று. பாட்டின் சுருதிக்கேற்ப நகரும். நம் ஷட்ஜமும் அவ்வாறே. சரளி வரிசை அறிந்த பிள்ளை, பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டது. மேற்கத்திய மேஜர் வரிசையின் சுரங்களைச் சங்கராபரணத்தில் வைத்தே காட்டலாம். இடர்ப்பாடு மைனர் பாட்டில் வருகிறது. அங்கே செவி லாவில் போய் அமர்கிறது. சோல்ஃபாவோ டோவையே தலையாக வைத்து எழுதுகிறது. கற்பவன் தன் ஆதார சுருதி பறிபோனதாகத் திகைப்பான். இவ்விடத்தில் ஆசிரியர் கிரகபேதத்தை நினைவூட்டினால் போதும்: சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாகக் கொண்டால் நடபைரவி பிறக்கும். நம்மவருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஆயினும் பயிற்சி நடத்துவோரில் இதைச் சொல்லிக்கொடுப்பவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். போதாக்குறைக்குக் கீபோர்டின் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தான் வேறு. எந்தச் சுருதியையும் வாசிப்பவர் ‘சி’யிலேயே வாசித்து முடித்துவிடுகிறார், சுருதி ஏன் மாறியதென்று குழுவில் எவருக்கும் தெரிவதில்லை.

மறுப்பொன்று உண்டு, அதை இலேசாகத் தள்ளலாகாது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, மேனாட்டு இசையும் கருநாடக இசையும் கற்றோர்க்கும் மேல்சாதியினர்க்கும் உரியவையாய் நின்று ஏழைகளை வழிபாட்டில் வாய்மூடச் செய்தன என்று கண்டித்து, நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொணர்ந்தார். 2005இல் அவர் மறைந்தபின்னும் அக்கேள்வி மறையவில்லை. சுர எழுத்தைக் கற்பிப்பது மீண்டும் ஒரு மேட்டுக்குடியை உண்டாக்காதா?

உண்டாக்கலாம், ஆலயத்தின் பாட்டு முழுவதையும் பாடற்குழுவே எடுத்துக்கொண்டால் நிச்சயம் உண்டாக்கும். ஆனால் இன்றைய நிலையை நோக்குக. எழுத்தறியாத ஆல்ட்டோ பெண்மணி யாரைச் சார்ந்து நிற்கிறாள்? கீபோர்டு உடைய ஒருவரையே. வேதத்தைத் தாமே வாசிக்கட்டும் என்று நம் முன்னோர் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். பாட்டுப் புத்தகத்தைமட்டும் பிறர் விரலுக்கு ஒப்புவித்துவிட்டோம். இங்கு அப்பாவுவின் அக்கறையையே அவருடைய முடிவுக்கு எதிராக வைக்கத் துணிகிறோம்.

கீர்த்தனையின் காரியம் வேறு. வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டை நான்கு பாகங்களாக்கி அடுக்கும்போது கமகம் தட்டையாகிறது. சுரங்களுக்கிடையே நெளியும் ஓசையை எவ்வெழுத்தும் முழுமையாகப் பிடிப்பதில்லை. அதைச் செவிவழியே கற்பதே முறை. ஞானப்பாட்டுக்கு எழுத்து, கீர்த்தனைக்குச் செவி என்ற இப்பாகுபாட்டைச் சிலர் ஏற்கமாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

பயிற்சியை எங்கே தொடங்குவதென்று மாணவர் கேட்பதுண்டு. வாயைத் திறக்குமுன் தாளத்தைக் கைதட்டுக, பின்பு சுரப்பெயர், சொற்கள் கடைசியில். சோப்ரானோவையும் பாஸையும் முதலில் சேர்த்துப் பாடுக, அவ்விரண்டும் சுவர்கள் போல் நின்றால் நடுக்குரல்களுக்கு இடம் தெரியும். டெனருக்கு ஆள் இல்லையெனில் மூன்று பாகங்களில் பாடுக. கீபோர்டு அருகில் இருக்கட்டும், ஆனால் மூடியே இருக்கட்டும்.