சிறார் நாடகத்தில் நிலமும் பொழுதும்

பள்ளி மேடைகளில் களத்தைப் பெரும்பாலும் தீட்டிய திரையும் வண்ண விளக்குமே காட்டுகின்றன. மாணவர்தம் உரையிலோ நடிப்பிலோ அது புலனாவதில்லை. முதற்பொருளையும் கருப்பொருளையும் தேர்வுக்கென மனப்பாடம் செய்யும் சிறார், நாடகம் எழுதப் புகுங்கால் அவற்றை மறந்துவிடுகின்றனர். இஃது அவர்தம் குறையன்று. இலக்கணத்தைப் படைப்பினின்றும் பிரித்துக் கற்பிக்கும் ஆசிரியராகிய எம் குறையே.

தொல்காப்பியர் நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டார். முல்லைக்குக் காரும் மாலையும் உரியன. மாலை என்று சொல்லாமலே மாலையைக் காட்டுக எனின் ஒரு சிறுவன் என் செய்வான்? கன்றின் குரல் கேட்டுத் தொழுவத்தை நோக்கித் திரும்புவான். ஏற்றிய விளக்கை ஈரக்காற்றினின்றும் கையால் மறைப்பான். அவ்வளவில் அவையோர்க்குக் கார்கால மாலை தோன்றிவிடும். கருப்பொருளுள் பறையும் யாழும் இடம்பெற்றமை ஈண்டுக் கருதத்தக்கது. ஓசையும் நிலத்தைக் காட்டும். தெருக்கூத்தோ, தீட்டிய திரை வேண்டாமலே, கட்டியங்காரன் கூற்றாலும் பாட்டாலும் அரசவையையும் கானகத்தையும் ஒரே களரியில் அமைத்துவிடுகிறது.

ஆயின், பட்டியல் முழுவதையும் ஒரு காட்சியில் அடுக்கும் ஆர்வமும் தீதே. மரமும் புள்ளும் விலங்கும் ஒருங்கே வந்து நிற்பின் அது களமன்று, நிகண்டு. உரிப்பொருளோடு இயையும் ஒன்றனையே தெரிந்தெடுக்கச் சிறாரைப் பழக்குதல் வேண்டும். முல்லையின் இருத்தலுக்கு வாயிற்படியில் வைத்த ஒரு விளக்கு அமையும். பாலையின் பிரிவுக்கு, நண்பகலில் நிழலற்று நிற்கும் ஒரு மரம்.