அச்சமா, அன்பா? – மாக்கியவெல்லியும் வள்ளுவரும்

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், சமணக் காஞ்சி என வழங்கப்பெறும் பழம்பதி. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் ஒரு சங்கீத மண்டபம் உண்டு. விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் எழுப்பியது அது. கோயில் விதானங்களில் தீர்த்தங்கரர் வரலாறுகளோடு கண்ணன் வரலாறும் ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. கண்ணன் கதை என்றால் அது கம்சன் கதையுமாகும். பிறக்கவிருந்த ஒரு குழந்தைக்கு அஞ்சி நாட்டையே அஞ்ச வைத்தவன் கம்சன். நற்செய்தி காட்டும் ஏரோதும் அவ்வாறே ஒரு குழந்தைக்கு அஞ்சியவன். அச்சத்தால் ஆள முனைபவன் முதலில் தானே அச்சத்தால் ஆளப்படுகிறான் என்பதை இரு கதைகளும் உணர்த்துகின்றன.

எனினும் கதையில் வீழும் கொடுங்கோலன் வாழ்க்கையில் எப்போதும் வீழ்வதில்லை. அச்சுறுத்தி ஆள்வோர் நெடுங்காலம் நிலைப்பதையும், அன்பு காட்டியவர் கைவிடப்படுவதையும் நாம் காண்கிறோம். ஆகவே தலைவன் அச்சத்தால் ஆள வேண்டுமா, அன்பால் ஆள வேண்டுமா என்னும் வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இவ்வினாவை நேருக்கு நேர் எழுப்பி, தயக்கமின்றி விடை கூறியவர் மாக்கியவெல்லி. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இதே பொருளைப் பொருட்பாலில் ஆராய்ந்தவர் திருவள்ளுவர். இருவரையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ளது.

புளோரன்ஸ் நகரின் அரசுப் பணியில் இருந்த மாக்கியவெல்லி, 1512இல் மெதிச்சிக் குடும்பம் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் பதவி இழந்தார். மறு ஆண்டில் சிறையிடப்பட்டு வதைக்கப்பட்டார். அதே 1513இல்தான் 'இளவரசன்' என்னும் நூலை எழுதினார். அச்சத்தின் ஆற்றலைத் தம் உடலாலேயே அறிந்த ஒருவரின் நூல் அது என்பதை மறந்துவிடலாகாது. அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1532இல் அது அச்சேறியது. 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் வெளியிட்ட தடை நூற்பட்டியலில் அவருடைய நூல்கள் அனைத்தும் இடம் பெற்றன.

அந்நூலின் பதினேழாம் அதிகாரம் கூறுவதன் சாரம் இது: அன்பும் அச்சமும் ஒருங்கே கிடைப்பின் நன்று. ஒன்றைத்தான் பெற முடியுமாயின் அச்சமே பாதுகாப்பானது. அன்பு நன்றிக்கடன் என்னும் கட்டு. மனிதர் தந்நலம் கருதி அக்கட்டை எளிதில் அறுத்துவிடுவர். தண்டனை பற்றிய அச்சமோ ஒருபோதும் கைவிடாது. ஆயினும் அரசன் வெறுப்புக்கு ஆளாகக் கூடாது. குடிமக்களின் உடைமையில் அவன் கை வைக்கலாகாது. தந்தையின் சாவை மறந்தாலும் தந்தைவழிச் சொத்தின் இழப்பை மனிதர் மறப்பதில்லை என்பது அவர் கணிப்பு.

இதற்கு எதிராக வள்ளுவரை நிறுத்தி, மாக்கியவெல்லி கொடியவர், வள்ளுவர் அன்பாளர் என்று முடித்துவிடுவது மேடைகளில் வழக்கம். நூலைக் கூர்ந்து படிப்போர் அதனை ஏற்க இயலாது. கொலைஞரைத் தண்டிப்பதைப் பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பிடுபவர் வள்ளுவர். தண்டிக்கும் கோலைக் கடுமையாக ஓங்கி மென்மையாக இறக்குமாறு அறிவுறுத்துபவரும் அவரே. ஓங்குவதில் கடுமை வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. செங்கோலோடு நின்று மக்களிடம் பொருள் கேட்கும் அரசனை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிடும்போது, உடைமை பற்றிய எச்சரிக்கையில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இன்னும் ஒன்று. 'வெருவந்தசெய்யாமை' என்னும் 57ஆம் அதிகாரம் மக்களை அச்சுறுத்தாதே என்று அரசனுக்குச் சொல்ல எடுத்துக்கொள்ளும் வழி எது? கொடியன் எனப் பெயர் பெற்றவன் விரைவில் கெடுவான், கடுஞ்சொல் வலிமையைத் தேய்க்கும் அரம், செல்வம் நில்லாது. அரசனை அச்சுறுத்தியே அச்சுறுத்தாமையைக் கற்பிக்கிறார் வள்ளுவர்! தந்நலம் கருதும் அரசனிடம் தந்நலத்தின் மொழியில்தான் பேச முடியும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

அப்படியாயின் வேறுபாடு எங்கே உள்ளது? 'அன்பு' என்று இருவரும் எதனைக் கருதுகின்றனர் என்பதில் உள்ளது. மாக்கியவெல்லி கூறும் அன்பு அரசன் கொடுத்ததற்கு ஈடாக மக்கள் செலுத்தும் கடன். கடன் என்பதால்தான் அது திரும்பி வராமற் போகும் என்று அவர் அஞ்சுகிறார். அவ்வகை அன்பைப் பற்றி அவர் கூறுவது முற்றிலும் உண்மை. அது அச்சத்தின் மறுபெயராக மாறுவதும் உண்டு.

இதற்குச் சான்று தேடி இத்தாலிக்குச் செல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாய் உழைத்த நிலையை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு தன் அறிக்கையில் பதிவு செய்தது. வறிய குடும்பத்துக்குத் தறி முதலாளி முன்பணம் தருவார். நோய்க்கும் திருமணத்துக்கும் கைகொடுக்கும் அப்பணம், தரும் வேளையில் இரக்கமாகவே தோன்றும். பின்னர் அதை அடைக்கும்வரை பிள்ளை தறியை விட்டு அகல முடியாது. முணுமுணுத்தால் 'ஆபத்துக்கு உதவியவரை மறக்கலாமா?' என்ற கேள்வி எழும். வாயை அடைக்கப் பிரம்பு தேவையில்லை, நன்றிக்கடனே போதும்.

வள்ளுவர் இவ்விடத்தில்தான் வேறு திசையில் நடக்கிறார். காண்பதற்கு எளியவனாய், கடுஞ்சொல் இல்லாதவனாய் இருப்பதை அரசனின் சிறப்பாக 'இறைமாட்சி' அதிகாரத்தில் கூறுகிறார். அதே அதிகாரத்தில், தன் காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்புடைய வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கிறார். இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்பதும் அவர் வாக்கே. மக்கள் அரசனை எவ்வளவு நேசிக்கின்றனர் என்று அவர் அளக்கவில்லை. மக்கள் அவனிடம் எவ்வளவு பேச முடிகிறது என்பதையே அளக்கிறார். அரியணையில் அமர்ந்தவனுக்கு எது பாதுகாப்பு என்று மாக்கியவெல்லி கேட்கிறார். அரியணைக்கு முன் நிற்பவனுக்கு நா எழுமா என்பது வள்ளுவரின் கேள்வி.

இருகப்பர் பணியாற்றிய அரசிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. 1368இல் சமணர்கள், வைணவர்கள் தமக்கு இழைத்த அநீதி குறித்து முதலாம் புக்கரிடம் முறையிட்டனர். எண்ணிக்கையில் சிறியவர்களின் அம்முறையீட்டை மன்னர் கேட்டார். சமணரின் கையை எடுத்து வைணவரின் கையில் வைத்து, இரு சமயத்துக்கும் வேறுபாடு இல்லை என்று அறிவித்தார். சமணத்தைக் காக்கும் பொறுப்பை வைணவர்களிடமே ஒப்படைத்தார். சிரவணபெளகொளாவில் உள்ள அக்கல்வெட்டு, இவ்வுடன்பாட்டை மீறுவோர் அரசத் துரோகிகள் என்றும் எச்சரிக்கிறது. கைகோக்கச் செய்த அன்பும் எச்சரிக்கை தந்த அச்சமும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன. ஆனால் அவ்வச்சம், முறையிட்டவர் மீண்டும் துன்புறாதபடி அவர்களைக் காக்கும் அரணாக நின்றது. பல சமயத்தாரைக் கொண்ட புதிய அரசுக்கு அது நல்ல அரசியலுமாகும். அதனால் அதன் மாண்பு குறையவில்லை.

வள்ளுவரிடம் ஒரு குறை உண்டு எனவும் சொல்ல வேண்டும். அரசன் கேளாவிட்டால் குடிமகன் என் செய்வது? துன்பம் தாங்காது அழுதவரின் கண்ணீர் அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறார். அப்படை எந்த வாயில் வழியே நுழையும் என்று அவர் காட்டவில்லை. முடியாட்சிக் காலத்து நூலில் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. அவ்வாயிலைப் பிற்காலத்தார்தாம் அமைக்க வேண்டியிருந்தது. தேர்தலும் நீதிமன்றமும், 1976இன் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டமும் அத்தகைய வாயில்களே. தலைவனின் கண்ணோட்டம் தவறும்போது கண்ணீருக்கு அவை வழிவிட வேண்டும். சட்டம் இருந்தும் 2003இல் குழந்தைகள் தறியில் இருந்தனர் என்பது, வாயில் இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்க ஆளும் வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

இவ்வினா மன்னர்களோடு முடிந்துபோகவில்லை. குடும்பத் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், சங்கத் தலைவர், பங்குப் பேரவையில் பொறுப்பேற்றவர் என நம்மில் பலர் யாரோ சிலரை ஆள்கிறோம். நம்மைக் கண்டு பிறர் நடுங்கவில்லை என்பதில் நாம் மனநிறைவு கொள்ளலாம். நம்மிடம் பிறர் பட்ட நன்றி அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம். நமக்குக் கீழ் உள்ள ஒருவர் நமக்குக் கசக்கும் சொல் ஒன்றை நம் முகத்துக்கு நேரே கடைசியாக எப்போது சொன்னார்? நீண்ட நாளாக எவரும் சொல்லவில்லை எனில், நம் ஆட்சியில் குறையே இல்லை என்று பொருள் கொள்ள மாட்டார் வள்ளுவர்.