வேடிக்கை பார்க்கவா கோடைப் பயிற்சி?

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது மின்னியல் மாணவர்கள் பலரிடம் ரயில்வே முத்திரை பதித்த சான்றிதழ் ஒன்று இருக்கிறது. இரண்டு வாரமோ நான்கு வாரமோ இன்பிளான்ட் டிரெயினிங் போய்வந்ததற்கான தாள் அது. கல்லூரிகள் அதற்கு மதிப்பெண் கொடுக்கின்றன, சேர்க்கைக் கையேட்டில் பெருமையாக அச்சிடுகின்றன. அங்கே என்ன கற்றார்கள் என்று கேட்டால், "உள்ளே போய்ப் பார்ப்பதே பெரிய படிப்புதானே" என்கிறார்கள் பேராசிரியர்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பார்ப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாடநூலில் கட்டம் கட்டமாகப் படித்த கன்வெர்ட்டரை டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினின் உள்ளே நேரில் பார்ப்பது நல்ல அனுபவம். 1955 முதல் ரயில் பெட்டி கட்டிவரும் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை போன்ற இடத்தின் ஒழுங்கும், மின்சாரத்தைத் துண்டித்து எர்த் செய்யாமல் எவரும் கம்பியை நெருங்காத கட்டுப்பாடும் வகுப்பறையில் கிடைக்காதவை. பரபரப்பான இன்ஜின் ஷெட்டில் நேரம் ஒதுக்கி விளக்கும் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர்களும் நன்றிக்கு உரியவர்கள்.

ஆனால் இந்தப் பயிற்சியில் மாணவனுக்கென்று ஒரு வேலை கிடையாது. அவன் வராவிட்டாலும் ஷெட்டில் எதுவும் நிற்காது, வந்தாலும் எதுவும் மாறாது. திங்களன்று ஒரு பிரிவு, செவ்வாயன்று இன்னொன்று என்று சுற்றிக் காட்டுகிறார்கள். அவன் பின்னால் நின்று தலையாட்டுகிறான். கடைசி நாளில் சீனியர் அண்ணன் கொடுத்த பழைய ரிப்போர்ட்டில் பெயரும் பதிவு எண்ணும் மாறுகின்றன. வைவாவில் அதை யாரும் துருவிக் கேட்பதில்லை.

அதே ஷெட்டில், 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி சேர்ந்த ஐ.டி.ஐ. இளைஞன் ஸ்பானரோடு குனிந்து வேலை செய்கிறான். அவனுக்கு உதவித்தொகை உண்டு, பொறுப்பு உண்டு, தப்பு செய்தால் திட்டும் உண்டு. நாளைக்கு அவனுக்கு அதிகாரியாகப் போகும் பட்டதாரியோ கையைக் கட்டி நிற்கிறான். தன் அதிகாரிகளாக வரவேண்டிய இளைஞர்களை 1927இலிருந்து ஜமால்பூர் பணிமனையில் நான்கு ஆண்டுகள் அப்ரென்டிஸாக வைத்துப் பழக்கிய துறை ரயில்வே. அந்தத் திட்டம் இன்று இல்லை. பட்டறையில் கைபழகாமல் பொறியாளன் உருவாகமாட்டான் என்ற புரிதலுமா அதோடு போக வேண்டும்?

25 கிலோவோல்ட் ஓடும் இடத்தில் பையன்களைத் தொடவிட முடியுமா என்பார்கள். யாரும் தொடச் சொல்லவில்லை. இன்ஜின் கூரையில் மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் வாங்கும் பேன்டோகிராஃபின் கார்பன் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை ஒரே இடத்தில் தேயக்கூடாது என்பதற்காகத்தான் மேல்கம்பியை நேர்ப்பாதையில் இருபுறமும் 200 மில்லிமீட்டர் வரை மாறி மாறி விலக்கிக் கட்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் சில பட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுகிறது. சோதனைக்கு வரும் இன்ஜின்களில் கழற்றிப் போடும் பட்டைகளை நான்கு வாரம் அளந்து, எந்த இன்ஜின் எந்தப் பாதையில் ஓடியது என்ற பதிவோடு வைத்துப் பார்க்கட்டும். அதற்கு ஒரு காலிப்பரும் நோட்டும் போதும். இன்னொரு வழியும் உண்டு. டபிள்யூஏபி-7 போன்ற மூன்று ஃபேஸ் இன்ஜின்கள் தங்கள் பழுதுகளைத் தாங்களே பதிந்துவைக்கின்றன. அந்தப் பதிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு பழுதை மேசையில் உட்கார்ந்தே துரத்தலாம். இதில் உயிருக்கு என்ன ஆபத்து?

பாதுகாப்பு என்பது இங்கே சாக்கு. கேள்வியைக் கொடுத்தால் பதிலைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்தச் சிரமத்தை ஷெட்டும் ஏற்பதில்லை, கல்லூரியும் ஏற்பதில்லை. இரண்டில் கல்லூரியின் குற்றமே பெரிது. ரயில்வேக்கு வண்டி ஓட்டுவது வேலை. கற்றுக்கொடுப்பது கல்லூரியின் வேலை. மாணவனை அனுப்பும் முன்பே ஷெட்டோடு பேசி அவனுக்கு ஒரு கேள்வியை வாங்கித் தரவேண்டியது துறைத் தலைவர்தான்.

நாட்டின் அகலப் பாதைகள் கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமாகிவிட்ட காலம் இது. இத்தனை கம்பியையும் இன்ஜினையும் பராமரிக்கப் போகிறவர்களை வேடிக்கை பார்க்கவைத்து அனுப்புவது அநியாயம். சொந்தமாக எடுத்த ஓர் அளவீடுகூட இல்லாத ரிப்போர்ட்டுக்கு எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் போடக்கூடாது.